நிறுத்தி வைத்த ஊர்தியின் மின்கலவடுக்கைப் பேணுதல்

2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 20 ஆம் நாள் இலங்கை முழுவதும் ஊரடங்குச் சட்டம் பிறப்பிக்கப்பட்டபோது, அன்றுவரை ஓடித்திரிந்த மோட்டார் வண்டிகள் யாவும் ஒருங்கே நின்றன. பல வாரங்கள் கழித்து அவற்றை மீண்டும் எடுக்க முற்பட்டோர் பலர், சாவியைத் திருப்பியபோது 'டிக்' என்னும் ஒற்றை ஒலியை மட்டுமே கேட்டனர். 2022 ஆம் ஆண்டு எரிபொருட் பஞ்சம் நேர்ந்தபோதும் இதுவே மீண்டும் நிகழ்ந்தது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் இன்றியமையாச் சேவைகளுக்கன்றி ஏனையோர்க்கு எரிபொருள் வழங்குதல் நிறுத்தப்பட, வண்டிகள் வீட்டு முற்றங்களில் வாரக்கணக்காக நின்றன. இயந்திரத்துக்கு ஊறில்லை, எண்ணெய் குறையவில்லை, சில்லுகளிற் காற்றும் ஓரளவு இருந்தது. மின்கலவடுக்கு ஒன்றே செத்துக் கிடந்தது. ஓடித் தேய்வது உலக இயல்பாயிருக்க, ஓடாது நின்ற வண்டியின் மின்கலம் எங்ஙனம் தேய்ந்தது என வினவியவர் பலர். வினா நியாயமானதே. பற்றரி எனப் பொதுவாக வழங்கும் இம்மின்கலவடுக்கின் உள்ளியல்பை அறிந்தாலன்றி அதற்கு விடை கிடையாது. அதனைப் பேணுதற்கெனச் செய்யப்பட்ட சிறு மின்னேற்றியை எவ்வாறு இணைப்பது என்பதும் விளங்காது.

ஈயமும் அமிலமும் கொண்ட சேமிப்புக் கலத்தை 1859 ஆம் ஆண்டிற் பிரான்சிய அறிஞர் கஸ்ரன் பிளாந்தே ஆக்கினார். 1881 இற் கமீல் ஃபோரே என்பார் ஈயத்தகட்டின்மேல் ஈயச்சேர்வைகளைப் பசையாகப் பூசும் முறையைக் கண்டபின் அது வாணிபப் பொருளாயிற்று. எனினும் மோட்டார் வண்டியில் அதற்கு இன்றியமையா இடம் கிடைத்தது 1912 இலேயாம். அவ்வாண்டிலேதான் சாள்சு கெற்றரிங்கு வகுத்த மின்தொடக்கி, கடிலாக் வண்டிகளிற் பொருத்தப்பட்டது. கைப்பிடியைச் சுழற்றி இயந்திரத்தை எழுப்பிய காலம் அதனோடு மெல்ல மறைந்தது. இவ்வொன்றரை நூற்றாண்டில் வண்டியின் ஏனைய உறுப்புக்கள் அடையாளம் காணமுடியாதவாறு மாறிவிட்டன. மின்கலவடுக்கின் வேதியியலோ பிளாந்தே கண்டவாறே இருக்கின்றது.

பன்னிரண்டு உவோற்று என வழங்கும் அடுக்கில் ஆறு கலங்கள் தொடராக இணைந்துள்ளன. ஒவ்வொரு கலத்திலும் நேர்த்தகட்டில் ஈயவீரொட்சைட்டும், எதிர்த்தகட்டிற் பஞ்சுபோன்ற ஈயமும், இவையிரண்டையும் சூழ்ந்து நீர்த்த கந்தகவமிலமும் உள. மின்னை வழங்கும்போது இரு தகடுகளும் ஈயசல்பேற்றாக மாறுகின்றன. அமிலம் செலவாகி நீர் உண்டாகின்றது. மின்னேற்றும்போது இம்மாற்றம் தலைகீழாக நிகழ்ந்து, தகடுகள் பழைய நிலையை எய்த, அமிலம் மீண்டும் செறிவடைகின்றது. நீர்மானியினால் அமிலத்தின் தன்னீர்ப்பை அளந்து மின்னேற்றத்தின் அளவை அறிய முடிவது இதனாலேயாம். மூடி திறவாத இக்காலத்து அடுக்குகளில் நீர்மானி நுழைய வழியில்லை, உவோற்றுமானியே துணை. சில மணி நேரம் யாதொரு சுமையுமின்றி ஓய்ந்திருந்தபின் அளந்தால், நிறைந்த அடுக்கு 12.6 முதல் 12.7 உவோற்று வரை காட்டும். 12.4 எனில் முக்காற் பங்கும், 12.2 எனில் அரைப்பங்கும், 12.0 எனிற் காற்பங்குமே எஞ்சியுள்ளன. ஆகவே பன்னிரண்டு உவோற்று அடுக்குப் பன்னிரண்டு உவோற்றைக் காட்டுகின்றதென மகிழ்வோர், முக்காற்பங்கை இழந்தபின் மகிழ்கின்றனர்.

நின்ற நிலையில் மின்னேற்றம் குறைவதற்கு இரு காரணங்கள் உள. ஒன்று கலத்தினுள்ளே நிகழ்வது. மற்றையது வண்டியினால் நிகழ்வது.

கலத்தினுட் கம்பி எதுவும் இணைக்கப்படாதபோதும் தகடுகள் அமிலத்தோடு மெல்லத் தாக்கமுற்றுச் சல்பேற்றாகிக் கொண்டேயிருக்கும். இதனைத் தன்மின்னிறக்கம் என்பர். பழைய அடுக்குகளின் ஈயச்சட்டங்களுக்கு வலுவூட்டுதற்பொருட்டு அந்திமனி கலக்கப்பட்டது. அவ்வந்திமனியே இத்தாக்கத்தை விரைவுபடுத்தியது. அதற்குப் பதிலாகக் கல்சியம் சேர்த்த அடுக்குகளில் 25 பாகை செல்சியசு வெப்பநிலையில் மாதத்துக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்குவரை மட்டுமே குறைகின்றது. ஆயின் வெப்பநிலை பத்துப் பாகை உயருந்தோறும் இவ்வளவு ஏறக்குறைய இருமடங்காகும். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மாரிகாலத்திலேயே வண்டிகளை உள்ளே நிறுத்தி வைப்பர். அங்குக் குளிரானது தன்மின்னிறக்கத்தைத் தணிக்கின்றது. அவர்களுக்குள்ள அச்சம் வேறு: மின்னிறங்கிய அடுக்கில் அமிலம் நீராகிவிடுதலின், நிறைந்த நிலையிற் பூச்சியத்துக்குக் கீழே ஐம்பது பாகையிலும் உறையாத அது, கீழே பத்துப் பாகையளவிலேயே உறைந்து கொள்கலத்தைப் பிளந்துவிடும். யாழ்ப்பாணத்துத் தகரக் கொட்டிலில் நிற்கும் வண்டிக்கு அவ்வச்சமில்லை. ஆனாற் சித்திரை வைகாசி வெயிலில் அக்கொட்டிலினுள்ளே வெப்பநிலை எளிதில் 35 பாகையைக் கடக்கும். அங்கே அடுக்கு இரட்டை வேகத்திலே தேய்கின்றது. மேனாட்டுக் கைந்நூல்களிற் காணும் 'மாதம் ஒருமுறை நோக்குக' என்னும் விதியை வெப்ப நாட்டார் இருவாரத்துக்கு ஒருமுறை எனத் திருத்திக்கொள்ளுதல் தகும்.

வண்டியினால் நேரும் இழப்பு இதனினும் பெரிது. மணிக்கூடு, கள்வரை எச்சரிக்கும் கருவி, தொலைவிலிருந்து கதவைத் திறக்கும் ஏற்பி, கணினிகளின் நினைவகம் என்பன வண்டி உறங்கும்போதும் விழித்திருக்கின்றன. இக்கால வண்டியொன்றில் இவையெல்லாம் கூடி இருபது முதல் ஐம்பது மில்லியம்பியர் வரை இழுக்கும். ஐம்பது மில்லியம்பியர் என்பது அற்பமாகத் தோன்றலாம். ஒரு நாளைக்கு அது 1.2 அம்பியர் மணியாகும். நாற்பத்தைந்து அம்பியர் மணி கொள்ளும் சிறுவண்டி அடுக்கின் அரைப்பங்கு பத்தொன்பது நாட்களிற் போய்விடும். ஐந்து கிழமைகளுக்குச் சற்று மேலாக முழுவதும் ஒழிந்துபோம். ஊரடங்குக் காலத்தின் கணக்கு இதனோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பது நோக்கற்பாலது.

வெறுமையான அடுக்கை மீண்டும் நிறைத்துவிட்டாற் போதாதோ எனின், போதாது. கேடு வெறுமையில் மட்டும் இல்லை. வெறுமையிலே கிடத்தலிலும் உளது. மின்னிறக்கத்தின்போது தோன்றும் ஈயசல்பேற்று முதலில் மிக நுண்ணிய பளிங்குகளாகவே இருக்கும். உடனே மின்னேற்றினால் அவை கரைந்து மாறிவிடும். நாட்கள் செல்லச் சிறு பளிங்குகள் கரைந்து பெரும் பளிங்குகளின்மேற் படிகின்றன. உப்பளத்திற் கல்லுப்பு விளைவதுபோல அவை பருத்து இறுகியபின் மின்னேற்றத்துக்கு எளிதில் இணங்கமாட்டா. தகட்டின் துளைகளை அடைத்து, அதன் செயற்படும் பரப்பைக் குறைத்துவிடும். இரண்டு மாதம் வெறுமையாய்க் கிடந்த அடுக்கை மின்னேற்றிய பின் உவோற்றுமானி 12.6 காட்டினும், தொடக்கி கேட்கும் நூற்றுக்கணக்கான அம்பியரை அதனால் வழங்க முடியாதிருப்பது இதனாலேயாம். ஆறு ஆண்டு உழைக்க வேண்டிய பொருள் இரண்டாம் ஆண்டிற் பழைய ஈயத்தின் விலைக்குப் போகின்றது.

கிழமைக்கொருமுறை இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓடவிடுதல் நம் நாட்டில் வழங்கும் பரிகாரம். அதன் பயனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஐம்பது மில்லியம்பியர் வீதம் ஏழு நாளில் இழந்தது 8.4 அம்பியர் மணி. அதனைப் பத்து நிமிடத்தில் மீட்க வேண்டின் ஐம்பது அம்பியருக்கு மேற்பட்ட ஓட்டம் இடைவிடாது உட்செல்லல் வேண்டும். மெதுவாய்ச் சுழலும் பிறப்பாக்கி அதனைப் பெரும்பாலும் வழங்காது. வழங்கினும் அடுக்கு அவ்வளவை ஏற்காது. நிறைவை நெருங்க நெருங்க அடுக்கு ஏற்கும் ஓட்டம் குறைந்துகொண்டே போகும் ஆதலின், கடைசி ஐந்திலொரு பங்கை நிரப்பப் பல மணி நேரம் வேண்டும். அன்றியும், நன்கு சூடேறாத இயந்திரத்தினுள் எரிதலால் உண்டாகும் நீராவி ஒடுங்கி எண்ணெயோடு கலக்கும். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் இவ்வழக்கத்தைக் கைவிடாதவர் இருந்தனர். எதிர்முனைக் கம்பியைக் கழற்றி வைத்தல் இதனினும் நன்று. வண்டியினால் நேரும் இழப்பு அதனோடு நின்றுவிடும். தன்மின்னிறக்கம் மாத்திரம் நில்லாது. மணிக்கூடும் வானொலியின் நினைவும் அழியும்.

இனி, பேணல் மின்னேற்றி என்னும் கருவியைக் காண்போம். பழைய துளிமின்னேற்றி என்பது சுவர் மின்னைத் தாழ்த்திச் சீராக்கி ஓயாது ஒரு சிற்றோட்டத்தைச் செலுத்துவது. அடுக்கு நிறைந்ததோ இல்லையோ என்பது அதற்குத் தெரியாது. மறந்து ஒரு மாதம் விட்டுவிட்டால் அமிலத்தின் நீர் வாயுவாய்ப் பிரிந்து வற்றும். நேர்த்தகட்டின் சட்டம் அரிக்கப்படும். பேணல் மின்னேற்றியோ அடுக்கின் உவோற்றை நோக்கியே செயற்படுவது. முதலிற் தன்னாலான ஓட்டம் முழுவதையும் செலுத்தி, உவோற்று 14.4 அளவை எட்டியதும் அங்கே நிறுத்தி, ஓட்டம் தானே குறையவிட்டு, பின்னர் 13.5 உவோற்றளவுக்கு இறங்கி அந்நிலையிலேயே காத்திருக்கும். இவ்விறுதி நிலையை மிதப்புநிலை என்பர். கலமொன்றுக்கு ஏறக்குறைய 2.25 உவோற்று என்பது தன்மின்னிறக்கத்தை ஈடுசெய்யப் போதுமானது. நீரைப் பிரித்து வாயுவாக்கும் 2.4 உவோற்றுக்குக் குறைவானது. இவ்விரு எல்லைகளுக்கிடையேயுள்ள இடைவெளி ஒரு கலத்துக்கு ஒன்றரைத் தசமவுவோற்றே. மின்னேற்றியின் நுட்பமெல்லாம் இவ்வொடுங்கிய வழியிலே தவறாது நடத்தலிற்றான் அடங்கியுள்ளது.

வெப்பம் இவ்விடத்தும் குறுக்கிடுகின்றது. 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் கலமொன்றுக்கு மூன்று அல்லது நான்கு மில்லியுவோற்று வீதம் மிதப்புவோற்றைக் குறைத்தல் வேண்டும். 35 பாகையில் ஆறு கலத்துக்கும் சேர்த்து அது ஏறத்தாழ 0.2 உவோற்றாகும். வெப்பநிலையை உணர்ந்து தன்னைத் திருத்திக்கொள்ளும் மின்னேற்றிகள் சிறிது விலை கூடியவை. குளிர்நாட்டார்க்கு அவை வசதி, நமக்கு அவை தேவை.

இம்மின்னேற்றிகள் பொதுவாக ஓர் அம்பியர் அளவே வழங்குவன. பேணுதற்கு அது போதும். செத்ததை எழுப்புதற்கு அன்று. அரைப்பங்கு இறங்கிய நாற்பத்தைந்து அம்பியர் மணி அடுக்கை நிறைக்க அதற்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். முற்றாய் இறங்கிச் சில உவோற்று மட்டும் காட்டும் அடுக்கைப் பல கருவிகள் அடுக்கென்றே ஒப்புக்கொள்ளா. எனவே நிறைந்த நிலையில் வண்டியை நிறுத்தி அன்றே மின்னேற்றியை இணைப்பதே முறை.

இணைக்குமுன் அடுக்கைப் பார்வையிடல் வேண்டும். கொள்கலம் வீங்கியோ வெடித்தோ இருப்பின் அதனை மின்னேற்றலாகாது. முனைகளிற் பூத்த வெண்பச்சைத் தூளை அப்பச்சோடா கரைத்த நீராற் கழுவலாம். அந்நீர் கலத்தினுட் புகாமற் காத்தல் வேண்டும், புகின் அமிலம் கெடும். மூடி திறக்கும் அடுக்காயின் தகடுகள் மூழ்குமளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் மட்டும் விடுக. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையினூடு ஊறி வருவது. குளோரைட்டும் கல்சியமும் கொண்டது. தேநீருக்கு அது எப்படியோ, மின்கலத்துக்கு ஆகாது. கழற்றிய அடுக்கைச் சீமெந்துத் தரையில் வைத்தால் மின் தரையில் இறங்கிவிடும் என்னும் நம்பிக்கையும் ஊரில் உண்டு. மரப்பெட்டியிலும் வன்னிறப்பர்ப் பெட்டியிலும் கலங்கள் இருந்த காலத்தில் ஈரத்தினூடு கசிவு நேர்ந்திருக்கலாம். பிளாத்திக்குக் கொள்கலத்துக்கு அவ்வச்சம் வேண்டியதில்லை.

இணைக்கும் ஒழுங்கு வருமாறு. மின்னேற்றி சுவர் மின்னோடு தொடர்பற்றிருக்க, நேர்க்கவ்வியை அடுக்கின் நேர்முனையில் முதலிற் பற்றவைத்தல். பின்னர் எதிர்க்கவ்வியை அடுக்கின் எதிர்முனையில் அன்றி, அதற்குச் சேய்மையில், இயந்திரப் பாரிலோ அடிச்சட்டத்திலோ வர்ணம் பூசாத உறுதியான உலோகப் பகுதியொன்றிற் பற்றவைத்தல். இறுதியாகச் சுவர்ப் பிளக்கைச் செருகி ஆளியைப் போடுதல். எரிபொருட் குழாயும் அசையும் விசிறியும் இருக்குமிடத்தை விலக்குக. இவ்வொழுங்கை மனப்பாடஞ் செய்தோர் பலர். காரணம் அறிந்தோர் சிலர். காரணம் அறியாதவன் அவசரத்திலே ஒழுங்கை மாற்றிவிடுவான் ஆதலின் அதனைச் சற்று விரித்தல் வேண்டும்.

மின்னேற்றத்தின் இறுதியில் நீர் பிரிந்து எதிர்த்தகட்டில் ஐதரசனும் நேர்த்தகட்டில் ஒட்சிசனும் எழும். நிறைந்த கலத்தினூடு மேலதிகமாகச் செல்லும் ஒவ்வோர் அம்பியர் மணியும் ஏறக்குறைய 0.42 இலீற்றர் ஐதரசனை விடுவிக்கும். ஆறு கலத்துக்கும் அது இரண்டரை இலீற்றர். காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு முதல் எழுபத்தைந்து பங்கு வரை ஐதரசன் கலந்திருந்தால் அது வெடிக்கவல்லது. இத்துணை அகன்ற எல்லை வேறு எரிவாயுக்களில் அரிது. அதனைப் பற்றவைக்க வேண்டிய பொறியோ கண்ணுக்குப் புலப்படாத சிறுமையுடையதாயினும் போதும். கலத்தின் தகடுகளுக்கு மேலுள்ள வெற்றிடத்திலும் காற்றுத்துளையின் வாயிலிலும் இவ்வாயு தங்கியிருக்கும். சுற்றைப் பூர்த்தியாக்கும் கடைசித் தொடுகையின்போது, மின்னேற்றியினுள்ளிருக்கும் கொள்ளளவி அடுக்கிலிருந்து மின்னை உறிஞ்சுவதாற் சிறு பொறி தோன்றலாம். அப்பொறி எதிர்முனையின்மேல் தோன்றினால் வாயுவின் வாயில் தோன்றியதாகும். அடிச்சட்டத்தில் தோன்றினால் தீதில்லை. கவ்வியைச் சேய்மையில் வைப்பதன் பொருள் இதுவே. சுவர் மின்னை இறுதியிற் போடுவதும் இதன்பொருட்டே: ஓட்டம் செல்லுங்கால் கவ்வியைத் தொட்டாலும் எடுத்தாலும் பொறி வலுவுடையதாகும். வெடிப்பு நேரின் கொள்கலம் சிதறுவதோடு அமிலம் முகத்தில் தெறிக்கும். கண்ணாடி அணியாது அடுக்கின்மேல் குனிந்து நோக்கும் வழக்கம் விலக்கத்தக்கது. அமிலம் கண்ணிற் பட்டால் ஓடும் நீரால் உடனே பல நிமிடம் கழுவி மருத்துவரை நாடல் வேண்டும். அதற்கெனத் தண்ணீர் அருகில் இருத்தல் நலம்.

மற்றொரு இடர் ஸ்பனரினால் வருவது. அடுக்கின் உட்டடை ஓமின் நூறிலொரு பங்கு அளவினது. ஓமின் விதிப்படி அத்தகைய அடுக்கின் இரு முனைகளையும் தடிப்பான உலோகம் ஒன்று தொடுமாயின் ஓட்டம் ஆயிரம் அம்பியரைக் கடக்கும். ஸ்பனர் செஞ்சூடாகும், விரலில் மோதிரம் இருப்பின் அதுவும் அவ்வாறே. எதிர்முனை வண்டியின் உடலோடு இணைந்திருத்தலின், நேர்முனையின் சுரையைத் தளர்த்தும் ஸ்பனர் உடலைத் தொட்டாலே குறுஞ்சுற்று ஏற்பட்டுவிடும். எதிர்முனைக் கம்பியை முதலிற் கழற்றி, கடைசியிற் பூட்டினால் இவ்விடர் எழாது. பேணல் மின்னேற்றிகள் சிலவற்றோடு வளைய முடிவுள்ள நிலையான கம்பி ஒன்றும் வருகின்றது. அதனை முனைகளிற் பூட்டிவிட்டால் ஒவ்வொரு முறையும் கவ்வி வேண்டியதில்லை. அக்கம்பியில் உருகி இருத்தல் இன்றியமையாதது. அது நேர்முனைக்கு மிக அண்மையில் இருத்தலும் வேண்டும். உருகி மின்னேற்றியைக் காப்பதற்கென எண்ணுவது தவறு. கம்பி எங்கேனும் உரசி வெறுமையானால் ஆயிரம் அம்பியர் அதனூடு பாய்ந்து வண்டியை எரியாமற் காப்பதே அதன் தொழில்.

இவ்வொழுங்குக்குச் சில புறநடைகள் உள. யாழ்ப்பாணத்துத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய ஒஸ்ரின் ஏ 40, மொரிஸ் மைனர் போன்ற பிரித்தானிய வண்டிகளில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டது. ஆதலின் அவற்றிற் கவ்வியிடும் முறை மாறும்: எதிர்க்கவ்வியை எதிர்முனையில் முதலில் வைத்து, நேர்க்கவ்வியை அடிச்சட்டத்தில் வைத்தல் வேண்டும். நேருக்கு நேர், எதிருக்கு எதிர் என்னும் விதி எவ்வண்டியிலும் மாறாது. எந்த முனை உடலைச் சார்ந்தது என்பதே மாறுவது. பழைய வண்டியைப் பிற்காலத்திற் சிலர் எதிர்முனைச் சார்பாக மாற்றியுமிருப்பர் ஆதலின், தடித்த கம்பி எம்முனையிலிருந்து உடலுக்குச் செல்கின்றது என்பதைக் கண்ணாற் கண்டே துணிதல் வேண்டும்.

புதிய வண்டிகள் பலவற்றில் எதிர்முனையின்மேல் ஓட்டத்தை அளக்கும் உணரி ஒன்று அமர்ந்துள்ளது. எதிர்க்கவ்வியை நேரே முனையிற் பற்றினால் உட்சென்ற மின் உணரியின் கணக்கில் ஏறாது. வண்டியின் கணினி அடுக்கை வெறுமையென்றே கருதும். அடிச்சட்டத்திற் பற்றுக என்னும் பழைய விதி புதியதொரு காரணமும் பெற்றுள்ளது. இலங்கையிற் பெருகிய பிரியஸ், அக்குவா முதலிய கலப்பு வண்டிகளிற் சிறிய பன்னிரண்டு உவோற்று அடுக்கு வண்டியின் பின்பகுதியில் இருக்கின்றது. அது இறங்கிவிட்டால், இயக்கும் பேரடுக்கில் எவ்வளவு மின் இருப்பினும் வண்டி விழிக்காது. பேரடுக்கை இணைக்கும் ஆளியைத் தூண்டுவது இச்சிறு அடுக்கே. ஆதலாற் பேண வேண்டியதும் இதுவே. செம்மஞ்சள் நிறக் கம்பிகள் நூற்றுக்கணக்கான உவோற்று உடையன. அவற்றின் அருகிற் கவ்வியைக் கொண்டுசெல்லலாகாது. இலித்தியம் இரும்புப் பொசுபேற்று அடுக்குகளுக்கு ஈயத்துக்குரிய மின்னேற்றி ஒவ்வாது. சல்பேற்றை நீக்குதற்கென உயர்ந்த உவோற்றுத் துடிப்புக்களை அனுப்பும் கருவிகள் அவற்றின் காப்புச் சுற்றைக் கெடுக்கக்கூடும். அவற்றில் தன்மின்னிறக்கம் மிகக் குறைவு; கம்பியைக் கழற்றி வைத்தாற் பல மாதம் கவலையில்லை.

பொனெற் மூடியைக் கவ்வியின்மேல் அழுத்தி மூடுவோரும் உளர். மூடியும் உலோகம், நேர்க்கவ்வி அதனைத் தொட்டாற் குறுஞ்சுற்றே. அன்றியும் மிதப்புநிலையில் எழும் வாயு மிகச் சிறிதாயினும் அது வெளியேற வழி வேண்டும்.

2022 ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு நிலவியது. அத்தகைய காலத்தில் மின்னேற்றியின் ஓர் இயல்பை அறிந்திருத்தல் நன்று. சில கருவிகள் மின் மீண்டதும் தாமே தொடரும். சில, பொத்தானை மறுபடி அழுத்தும்வரை வாளாவிருக்கும். பின்னையவற்றை நம்பி வெளியூர் சென்றவர் திரும்பி வந்து காண்பது வெறுமையான அடுக்கையே. மின்வெட்டுள்ள இடங்களுக்குச் சூரியத்தகடு பொருத்தமானது. இதற்கென விற்பவை நல்ல வெயிலிற் சுமையின்றி இருபது உவோற்றளவு காட்டுவன. ஆதலின் இடையே சீர்ப்படுத்தி ஒன்று வேண்டும். இரவில் மின் திரும்பிப் பாயாதிருக்க இருவாயியும் வேண்டும். பத்து உவாற்றுத் தகடு அரை அம்பியர் வீதம் நாளுக்கு ஐந்து மணி வெயிலில் இரண்டரை அம்பியர் மணி தரும். வண்டி கவரும் 1.2 அம்பியர் மணிக்கு அது போதியது. 1990 ஆம் ஆண்டின் பின் மின்சாரமின்றிப் பல்லாண்டு வாழ்ந்து, சைக்கிள் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட யாழ்ப்பாணத்தார்க்கு இக்கணக்குப் புதிதன்று.

கழற்றும்போது ஒழுங்கு முற்றாகத் தலைகீழாகும். முதலில் ஆளியை நிறுத்திச் சுவர்ப் பிளக்கை எடுத்தல். பின்னர் அடிச்சட்டத்துக் கவ்வி. இறுதியில் அடுக்கின் முனையிலுள்ள கவ்வி. மின்னேற்றி இணைந்திருக்குங்கால் சுக்கானில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுதல் பயன்தரும் வழக்கம். மறந்து வண்டியை எடுப்போர் கம்பியையும் சுவர்ப் பிளக்கையும் இழுத்துக்கொண்டு போவதை அது தடுக்கும். தீயணைப்பு வண்டிகளுக்கு அட்டையை அவிழ்க்கவும் நேரமில்லை. மேனாட்டுத் தீயணைப்பு நிலையங்களில் அவை இரவும் பகலும் மின்னேற்றியோடு இணைந்தே நிற்கும். அவற்றின் பக்கத்திற் பொருத்திய குதை ஒன்று, சாரதி தொடக்கியைத் திருப்பிய கணமே விற்பொறியினாற் பிளக்கை வெளியே தள்ளிவிடும்.